வேப்பிலைக்கு முந்திய இரண்டு நாள்: சின்னம்மைத் தடுப்பூசி பிறந்த கதை

மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ குருசுக்குப்பத்திலோ சில வீட்டு நிலைகளில் வேப்பிலைக் கொத்து ஏறும். அந்த வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. பால் போடும் பையன் பாக்கெட்டை வாசலோரம் வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் அம்மா அந்தப் பக்கம் விடமாட்டாள். உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தைப் பார்த்தாலே தெருவுக்குப் புரியும்.

வீட்டுக்குள்ளும் ஓர் ஒழுங்கு நடக்கும். அடுப்பில் தாளிப்பு இல்லை. கறி, மீன் இல்லை. படுத்திருக்கும் பிள்ளைக்குத் தனிப் பாய், தனித் தட்டு, துவைத்த வெள்ளைத் துணி. குடிக்க இளநீர், மோர், நீர்த்த கூழ். வீட்டார் யாரும் கல்யாணம், காதுகுத்து என்று வெளியே போவதில்லை, வெளியாரும் வருவதில்லை. கொப்புளங்கள் வற்றிப் பொருக்குத் தட்டிய பிறகு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதன் பிறகுதான் மாரியம்மன் கோயிலுக்குப் போவதும், வீடு பழைய நடைக்குத் திரும்புவதும்.

இந்தப் பழக்கத்தை மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அதற்குள் நல்ல அறிவு இருப்பது தெரியும். சின்னம்மை கண்டவர், கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை நோயைப் பரப்பக்கூடியவர். பெரும்பாலும் அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். நம் பாட்டிமார்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் காத்திருந்ததும் ஏறத்தாழ அத்தனை நாள்தான். வைரஸ் என்ற ஒன்றைப் பற்றி அறியாத காலத்திலேயே, நோயாளியை எவ்வளவு நாள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஆனால் சின்னம்மை ஒரு விஷயத்தில் எல்லாரையும் முந்திக்கொள்கிறது. உடம்பில் முதல் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது மூச்சுக்காற்று வழியாகப் பரவத் தொடங்கிவிடுகிறது. லேசான காய்ச்சல், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்; பிள்ளை பள்ளிக்கூடம் போய்வருகிறான், தம்பியோடு ஒரே போர்வையில் தூங்குகிறான். மூன்றாம் நாள் காலையில் முதுகில் நீர் கோத்த கொப்புளத்தைப் பார்த்து அம்மா வேப்பிலை தேடும்போது, நோய் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமும் தம்பியிடமும் போய்ச் சேர்ந்திருக்கும். முன்பு சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால், ஒருவருக்கு வந்த பிறகு மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் வந்துவிடும்.

அந்த இரண்டு நாளை எப்படி எட்டிப்பிடிப்பது? சின்னம்மைத் தடுப்பூசியின் கதை இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலின் கதை. அது ஒரு தகப்பன் கண்விழித்த இரவில் கருவாகி, ஒரு குழந்தைகள் வார்டில் பிறந்தது.

பெரியம்மையின் நிழலில்

மிக நீண்ட காலம் சின்னம்மையை யாரும் பொருட்படுத்தவில்லை. பக்கத்தில் பெரியம்மை நின்றபோது சின்னம்மை வெறும் நமைச்சலாகத்தான் தெரிந்தது. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதையே 1767இல்தான் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக எடுத்துரைத்தார். சின்னம்மை வந்தவருக்குப் பெரியம்மை வராமல் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, ஆனால் சின்னம்மையே மறுபடி வருவது அரிது என்று அவர் கவனித்தார்.

1796இல் எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைக்குத் தடுப்பு கண்டார். 1802 ஜூன் மாதம் பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமிக்கு அது வெற்றிகரமாகக் குத்தப்பட்டது. அங்கிருந்து கைக்குக் கை மாறி அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளியைத் திறந்தது 1823இல். 20ஆம் நூற்றாண்டில் சென்னை கிண்டியின் கிங் இன்ஸ்டிடியூட் இந்தப் பகுதிக்கெல்லாம் பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தயாரித்துத் தந்தது. ஊர் ஊராக வந்து அம்மை குத்தியவர்களின் அடையாளம் இன்றும் அறுபது வயதைக் கடந்தவர்களின் கைகளில் வட்டத் தழும்பாக இருக்கிறது. அந்தத் தழும்பு சின்னம்மையிலிருந்து காக்காது. இரண்டு நோய்களையும் உண்டாக்கும் வைரஸ்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் ஆயிரக்கணக்கான பெரியம்மை நோயாளிகளைப் பார்த்துத் தம் அனுபவத்தை 1972இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பெரியம்மையை ஒழிக்க நாடெங்கும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கையில் பெரியம்மைக் குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை. தேடிப் போன இடங்களில் அவர்கள் அடிக்கடி எதிர்கொண்டது சின்னம்மையைத்தான். இரண்டையும் பிரித்தறிவது அந்தப் பணியில் முக்கியமான கல்வியாக இருந்தது. பெரியம்மை முகத்திலும் கை கால்களிலும் அடர்ந்து வரும். கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் அடர்ந்து வரும். ஒரே இடத்தில் சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் சேர்ந்தே தெரியும்.

1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை காணப்படவில்லை. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரியம்மை போன பிறகுதான், அதன் நிழலில் நின்றிருந்த சின்னம்மை எத்தனை பேரைப் படுக்கவைக்கிறது, யாரையெல்லாம் கொல்கிறது என்று கணக்குப் பார்க்க நமக்கு அவகாசம் கிடைத்தது.

அக்கி காட்டிய தடயம்

சின்னம்மைக்குத் தடுப்பூசி செய்ய நினைத்தவர்களுக்கு ஒரு பெரிய தயக்கம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் கிராமங்களில் ஒருவருக்கு விலாவைச் சுற்றியோ முகத்தின் ஒரு பக்கத்திலோ எரிச்சலோடு கொப்புளம் பட்டையாகப் படர்ந்தால், குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய் அக்கி எழுதிக்கொள்வது வழக்கம். காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சித்திரம் வரைவார்கள். அந்த அக்கிக்கும் குழந்தைகளின் சின்னம்மைக்கும் தொடர்பு இருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொன்னவர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பொகாய். பெரியவருக்கு அக்கி வந்த வீடுகளில் சில நாட்கள் கழித்துக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை அவர் கண்டார்.

1950களில் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர் இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். போலியோ வைரஸை வளர்த்ததற்காக 1954இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். சின்னம்மையிலிருந்து எடுத்ததும் அக்கியிலிருந்து எடுத்ததும் ஒரே வைரஸ் என்பது அவருடைய ஆய்வால் உறுதியானது. 1965இல் இங்கிலாந்தின் ஒரு சாதாரணக் குடும்ப மருத்துவர், எட்கர் ஹோப்-சிம்சன், தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து அடுத்த கண்ணியைச் சேர்த்தார். சின்னம்மை ஆறிய பிறகும் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து உறங்குகிறது. வயதாகியோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியே மேலே ஏறிவந்து அக்கியாகிறது.

ஆகவே இந்த வைரஸை உயிரோடு, வலுக்குறைத்து, ஊசியாகக் குழந்தைக்குச் செலுத்தினால் அதுவும் நரம்பில் போய் ஒளிந்துகொள்ளுமோ, பிற்காலத்தில் வேறு கேடு செய்யுமோ என்ற அச்சம் இயல்பாகவே எழுந்தது. லேசாக வந்துபோகும் நோய்க்கு இவ்வளவு துணிச்சல் வேண்டுமா என்று மேலை நாட்டு நிபுணர்கள் பலர் கேட்டார்கள். அந்தத் துணிச்சல் ஜப்பானிலிருந்து வந்தது.

ஹூஸ்டனில் ஒரு இரவு

மிச்சியாகி தாகஹாஷி 1928இல் ஒசாகாவில் பிறந்தவர். ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, அங்குள்ள நுண்ணுயிர் நோய் ஆய்வு நிறுவனத்தில் தட்டம்மை, போலியோ வைரஸ்களைப் பற்றி ஆராய்ந்தார். 1963இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பேலர் மருத்துவக் கல்லூரிக்கு ஆய்வுக்காகக் குடும்பத்தோடு போனார். அடுத்த ஆண்டு அவருடைய மூன்று வயது மகனுக்கு, விளையாட்டுத் தோழியிடமிருந்து சின்னம்மை தொற்றியது. முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல் உச்சத்துக்குப் போனது, மூச்சே திணறியது. தகப்பனும் தாயும் இரவெல்லாம் மகனைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை பிழைத்தான். ஆனால் அந்த இரவு தகப்பனை விடவில்லை. வைரஸைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர் தாம். அந்தப் படிப்பை இந்த நோய்க்கு எதிராகத் திருப்ப வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அதே 1964இல்தான் புதுச்சேரி கோரிமேட்டில், பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்த கல்லூரி, ஜிப்மர் என்ற பெயரில் மத்திய அரசின் நிறுவனமானது. இந்தக் கதை பின்னால் அங்கேயும் வந்து சேரும்.

1965இல் ஒசாகா திரும்பிய தாகஹாஷி வேலையில் இறங்கினார். சின்னம்மை வைரஸ் பிடிவாதம் கொண்டது. மனிதச் செல்லுக்குள் வளரும். ஆனால் எளிதில் வெளியே வராது. செல்லோடு ஒட்டிக்கொண்டு பக்கத்துச் செல்லுக்கு நேரடியாகத் தாவும். செல்லை உடைத்து வெளியே எடுத்தால் சீக்கிரமே செயலிழந்துவிடும். ஊசி மருந்து செய்ய வேண்டுமென்றால் செல்லிலிருந்து பிரிந்த, உயிருள்ள, ஆனால் வலுக்குறைந்த வைரஸ் வேண்டும்.

1970களின் தொடக்கத்தில், சின்னம்மை வந்திருந்த ஒரு மூன்று வயது ஜப்பானியச் சிறுவனின் கொப்புளத்திலிருந்து வைரஸ் எடுக்கப்பட்டது. மற்றபடி ஆரோக்கியமான பிள்ளை அவன். அவனுடைய குடும்பப் பெயர் ஓகா. அந்தப் பெயரே வைரஸுக்கு நின்றுவிட்டது. மனிதக் கருவின் நுரையீரல் செல்களில், உடற்சூட்டைவிடக் குறைந்த 34 டிகிரியில், அதை 11 முறை அடுத்தடுத்து வளர்த்தார்கள். பிறகு கினிப் பன்றிக் கருவின் செல்களில் 37 டிகிரியில் 12 முறை. தனக்குப் பழக்கமில்லாத சூட்டிலும் பழக்கமில்லாத விலங்கின் செல்லிலும் தலைமுறை தலைமுறையாக வாழப் பழகிய வைரஸ், மனிதத் தோலில் நோய் உண்டாக்கும் வலுவை மெல்ல இழந்தது. ஆனால் நம் உடலின் காவல் செல்கள் அதை அடையாளம் கண்டுகொள்ளும் தன்மையை இழக்கவில்லை. செல்களை ஒலி அதிர்வால் உடைத்து வைரஸைப் பிரித்தெடுத்து, சர்க்கரை போன்ற பொருள்களைச் சேர்த்து அது கெடாமல் பாதுகாக்கும் வழியையும் கண்டார்கள்.

இருபத்து மூன்று குழந்தைகள்

பெற்றோரின் சம்மதத்தோடு ஆரோக்கியமான சில குழந்தைகளுக்கு முதலில் போட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டானது; கேடு எதுவும் இல்லை. ஆனால் தடுப்பூசியின் உண்மையான பிறப்பு ஒரு மருத்துவமனையில் நடந்தது.

குழந்தைகள் வார்டில் சின்னம்மை நுழைவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். சிறுநீரக நோய்க்காகவும் மற்ற நோய்களுக்காகவும் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் குழந்தைகளின் உடல் எந்த வைரஸையும் எதிர்க்கும் நிலையில் இராது. வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் ஆறிப்போகும் சின்னம்மை, அந்தக் குழந்தையின் நுரையீரலையும் ஈரலையும் மூளையையும் தாக்கிக் கொல்லக்கூடும். வார்டில் ஒரு குழந்தைக்குக் கொப்புளம் கண்டதுமே தனியறைக்கு மாற்றினாலும், அதற்கு முந்திய இரண்டு நாளில் காற்று எல்லாக் கட்டிலையும் தொட்டிருக்கும்.

அப்படி ஒரு வார்டில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை கண்டது. அதற்கு முன் சின்னம்மை வராத 23 குழந்தைகள் அதே இடத்தில் இருந்தார்கள். அவர்களில் சிலர் ஸ்டீராய்டு மருந்தில் இருந்தவர்கள். தாகஹாஷியின் குழு தாமதிக்காமல் அத்தனை பேருக்கும் புதிய தடுப்பூசியைப் போட்டது. இரண்டு வாரம் காத்திருந்தார்கள். ஆறு பேருக்கு லேசான காய்ச்சல். அவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் லேசான கொப்புளம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பரவல் அங்கேயே நின்றது. ஊசி போடாமல் விட்டிருந்த வேறொரு சமயத்தில் இப்படி நுழைந்த சின்னம்மை குழந்தையிலிருந்து குழந்தைக்கு ஓடியிருந்தது. இந்த முடிவு 1974இல் லண்டனிலிருந்து வரும் தி லான்செட் இதழில் வெளியானது. மருத்துவமனையில் குழந்தைகளிடையே சின்னம்மை பரவுவதைத் தடுக்க உயிருள்ள தடுப்பூசி பயன்பட்டது என்பதே அந்தக் கட்டுரையின் பொருள்.

இந்த இடத்தில் நான் நின்று யோசிக்கிறேன். மற்றத் தடுப்பூசிகள் நோய் வருமுன் போடுபவை என்று நமக்குப் பழகிவிட்டது. இது பிறந்ததே நோய் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பிறகு! அது வேலை செய்ததற்கான காரணமும் அழகானது. இயற்கையாகத் தொற்றும் வைரஸ் மூச்சுப்பாதையில் இறங்கி, நிணநீர்க் கட்டிகளில் பெருகி, ரத்தத்தில் கலந்து, தோலுக்கு வந்து சேர 10 முதல் 21 நாள் எடுத்துக்கொள்கிறது. ஊசியில் போகும் வலுக்குறைந்த வைரஸ் அந்த முதல் படிகளைத் தாண்டி நேரே உடலின் காவலை எழுப்பிவிடுகிறது. மூன்று நாளுக்குள் போட்டுவிட்டால் காவல் முந்திக்கொள்கிறது. கொப்புளத்துக்கு முன்னால் ஓடிய நோயை இப்படித்தான் பின்னாலிருந்து வந்து பிடிக்க முடிந்தது.

1977இல் யோஷிஸோ அசானோவும் உடன் பணியாற்றியவர்களும் இதையே வீடுகளில் காட்டினார்கள். ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை கண்டதும் உடன்பிறந்தவர்களுக்கு உடனே ஊசி போட்ட குடும்பங்களில் நோய் மேலே பரவவில்லை. போடாத குடும்பங்களில் பரவியது.

சந்தேகத்திலிருந்து சான்றுக்கு

சந்தேகம் ஒரே நாளில் போகவில்லை. அமெரிக்காவில் ஆன் கெர்ஷான் என்ற மருத்துவரும் மற்றவர்களும், ரத்தப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த குழந்தைகளிடம் இந்த ஊசியைப் பல ஆண்டுகள் கவனமாகச் சோதித்தார்கள். சின்னம்மையால் அதிகம் சாகக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பதால் அங்கே தொடங்கினார்கள். ஊசி அவர்களைக் காத்தது, அக்கியும் கூடவில்லை, குறைந்தது. 1984இல் வெளியான இன்னோர் ஆய்வில் 914 ஆரோக்கியமான குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஊசியும் மறு பாதிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வைரஸ் இல்லாத வெறும் மருந்தும் போட்டார்கள். அடுத்த ஒன்பது மாதத்தில் வெறும் மருந்து பெற்றவர்களில் 39 பேருக்குச் சின்னம்மை வந்தது. ஊசி பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

1984இல் ஐரோப்பாவின் சில நாடுகள் ஆபத்தான நிலையில் உள்ள குழந்தைகளுக்கு இதை அனுமதித்தன. ஜப்பான் 1986இல், தென் கொரியா 1988இல், அமெரிக்கா 1995இல். ஊசிக்கு முன் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது; 100 முதல் 150 பேர் இறந்தார்கள். முதலில் ஒரு தவணையாகத் தொடங்கி 2006இல் இரண்டு தவணையாக்கிய பிறகு நோய் 100க்கு 97 பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அதே ஓகா வைரஸின் செறிவு கூட்டிய வடிவம், வயதானவர்களுக்கு அக்கி வராமல் தடுக்கும் ஊசியாகவும் 2006இல் வந்தது. தடுப்பூசியே அக்கியைக் கொண்டுவருமோ என்று அஞ்சியதற்கு அதே தடுப்பூசி கொடுத்த பதில் அது.

தாகஹாஷி 2013 டிசம்பரில் காலமானார். அவர் பிறந்த நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்குமான அரசுப் பட்டியலில் அவருடைய ஊசி சேர்ந்தது 2014 அக்டோபரில். ஒரு நல்ல மருந்து ஆய்வகத்திலிருந்து ஏழை வீட்டுப் பிள்ளையின் கைவரை போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

புதுச்சேரிக்கு வந்த ஊசி

இந்தியாவில் இந்த ஊசி கிடைக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 15 முதல் 18 மாதத்துக்குள் முதல் தவணையும், மூன்று மாத இடைவெளிக்குப் பிறகோ 4 முதல் 6 வயதுக்குள்ளோ இரண்டாம் தவணையும் போடப் பரிந்துரைக்கிறது. ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுவது தட்டம்மை, ரூபெல்லா ஊசி. 2017 பிப்ரவரியில் அந்த ஊசிக்கான பெரிய இயக்கம் நாட்டில் முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. பிள்ளைக்கு அம்மை ஊசி போட்டாயிற்றே என்று பல தாய்மார்கள் நிம்மதியாக இருப்பது அதை வைத்துத்தான். அது சின்னம்மையைத் தடுக்காது. சின்னம்மை ஊசி வேண்டுமென்றால் தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மீன்பிடித் துறையிலும் கட்டட வேலையிலும் அன்றாடம் உழைக்கும் குடும்பத்துக்கு, இரண்டு பிள்ளைகள், இரண்டு தவணை என்றால் அது பல நாள் கூலி.

நம்முடைய தட்பவெப்பத்துக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. குளிர் நாடுகளில் பத்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் சின்னம்மை வந்துபோய்விடும். வெப்ப நாடுகளில் பலர் வராமலே வளர்ந்துவிடுகிறார்கள். கல்லூரி விடுதியிலும், வேலைக்கு வந்த இடத்திலும், கருவுற்றிருக்கும்போதும் முதல் முறையாகப் பிடிக்கிறது. வயது கூடக் கூட அது கடுமையாகிறது. பெரியவர்களுக்கு நுரையீரல் அழற்சி வருவது அதிகம். கருவின் முதல் 20 வாரத்தில் தாய்க்கு வந்தால், அரிதாக என்றாலும், குழந்தையின் உறுப்புகள் பாதிக்கப்படலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் கண்டால் பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எல்லைப்பிள்ளைச்சாவடியின் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் பணியாற்றும் மருத்துவருக்கு இவை புத்தகச் செய்தி அல்ல.

அதனால் ஒரு வீட்டில் அம்மை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேப்பிலையைக் கட்டுங்கள், அது தெருவுக்கு எச்சரிக்கை. நோயாளியைக் காற்றோட்டமான தனியறையில் வையுங்கள். பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கும் வேலைக்கும் அனுப்ப வேண்டாம். இளநீரும் மோரும் நல்லது. அதோடு பருப்பும் முட்டையும் கொடுத்தாலும் தவறில்லை, உடம்புக்குச் சத்து வேண்டும். நகத்தை வெட்டிவிடுங்கள். குளிக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது குழந்தையின் ஈரலையும் மூளையையும் கெடுக்கக்கூடும். பெரியவர்கள் கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்த்தால் அசைக்ளோவிர் மாத்திரை நன்றாக வேலை செய்யும். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம், தள்ளாட்டம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அம்மைக்கு மருந்து கூடாது என்று இருந்துவிடுவது அம்மனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிள்ளையைக் காப்பதுதான் மரியாதை.

அதே நாளில் இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்த வீட்டிலும் நெருங்கிப் பழகியவர்களிலும் இதுவரை சின்னம்மை வராத, ஊசியும் போடாதவர்கள் யார் என்று பார்த்து, மூன்று நாளுக்குள், தாமதமானால் ஐந்து நாளுக்குள், மருத்துவரிடம் கேட்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கருவுற்றவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் இந்த ஊசி கூடாது. அவர்களுக்கு எதிர்ப்புப் புரதம் கொண்ட வேறு ஊசி உண்டு. அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் பழைய வழக்கத்தில் இல்லாத ஒரே கண்ணி இதுதான். இதைச் சேர்த்துவிட்டால் பாட்டி சொன்ன ஒதுக்கமும் ஒசாகாவின் ஊசியும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது எளிதானதல்ல. ஒரு நாடு இந்த ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்பதென்றால் 100க்கு 80 பேருக்காவது தவறாமல் போட்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிவுறுத்தியது. காரணம் ஆழமானது. பாதிப் பேருக்கு மட்டும் போட்டால் நோயின் ஓட்டம் மெதுவாகும், ஆனால் நிற்காது. போடாத பிள்ளைகள் சிறு வயதில் தப்பித்து, பெரியவர்களானபின் கடுமையாகப் பிடிபடுவார்கள். காசுள்ளவர்கள் மட்டும் போட்டுக்கொள்வதால் காசில்லாத வீட்டின் மகள், கருவுறும் வயதில் சின்னம்மையைச் சந்திக்க நேரிடலாம். தடுப்பூசியைப் பொறுத்தவரை தனியார் வசதி என்பது முழுத் தீர்வும் ஆகாது, தீங்கற்ற ஏற்பாடும் ஆகாது.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்து மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். மருத்துவக் கல்லூரிகளும் சுகாதார நிலையங்களும் நெருங்கி அமைந்த இப்படி ஒரு சிறிய பகுதியால் 80 விழுக்காட்டை எட்ட முடியும் என்று நான் நம்புகிறேன். முதல் படியாக, மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் செவிலியர் மாணவிகளுக்கும் ஊசி போடலாம். விடுதியிலோ பள்ளியிலோ ஒருவருக்கு அம்மை கண்டால் உடன் இருந்தவர்களுக்கு மூன்று நாளுக்குள் இலவசமாகப் போட, சுகாதார நிலையங்களில் கொஞ்சம் ஊசி இருப்பு வைக்கலாம். பிறகு ஒன்றரை வயதுக் குழந்தைகளின் பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்தால் யாரையும் விடாமல் சேர்க்க வேண்டும்.

தாகஹாஷியின் குழு அந்த வார்டில் எந்தப் பிள்ளைக்குப் போடலாம், எந்தப் பிள்ளையின் பெற்றோரால் காசு கொடுக்க முடியும் என்று பிரித்துப் பார்க்கவில்லை. 23 பேருக்கும் போட்டார்கள். பரவல் நின்றது அதனால்தான்.